பொருள், அளவு

நான்கு நாள் விடுமுறை.
மகள் இந்த முறை அவள் அம்மாவோடு கோவையில்.
ஐந்து ரோட்டில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி
வண்டியை ஓரம் கட்டி
ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன்.
ஏதாவது வேலை இருக்குமா,
தீபாவளி அன்று,
சும்மா, கூடமாட.

அஸ்தம்பட்டி இல்லத்தில் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள்.
காலை டிபனுக்கு மூணு பேர் சொல்லிட்டாங்க,
மதியத்துக்கு ஒரு நகைக்கடை,
ராத்திரிக்கு ஏதோ சங்கம்.
நாலு மணி மட்டும் காலியா இருக்குங்க,
சுண்டல் தர்றீங்களா?

சூரமங்கலம் பிள்ளைகள் விடுதியில்
ஆளுக்கு மூன்று சட்டை சேர்ந்துவிட்டதாம்.
எதுவும் அளவுதான் சேரலை,
தையல் தெரியுமா சார்?
தெரியாது.
மாத்திரை விற்கத் தெரியும்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் நாய்களுக்கொரு கொட்டகை.
அந்தப் பெண் மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள்:
வெடிச் சத்தத்துல இதுங்க சுவரைப் பிறாண்டும்,
விடிய விடியப் பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான்.
நாய் என்றால் எனக்குப் பயம் என்று
நாற்பத்தாறு வயதில் எப்படிச் சொல்வது.
யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி எண் கன்னங்குறிச்சி.
எடுத்தவர் பெயர் ஜெசிந்தா.
அன்னைக்கு மட்டும் வந்துடாதீங்க, என்றார்.
போட்டோ எடுக்கவே இடம் பத்தாது.
வியாழக்கிழமை வாங்க.
வியாழக்கிழமை ஒருத்தரும் வர மாட்டாங்க.
வரும்போது கெட்டியா ஒரு நகவெட்டி.

தீபாவளியை
பரோட்டாவும் தொலைக்காட்சியுமாக ஓட்டினேன்.
மகள் கூப்பிட்டாள், நாலு நிமிடம்.
பின்னால் சரவெடி.
என்ன சொன்னாள் என்று பாதி கேட்கவில்லை,
சரி சரி என்றேன்.

வியாழன், அரை நாள் விடுப்பு.
தெருவெல்லாம் மழையில் ஊறிய வெடிக் காகிதம்.
சேர்வராயன் மலையின் மேல்பாதி மேகத்துக்குள்.
முற்றத்தில் ஏழு நாற்காலி, ஏழு பேர்,
ஒரு வாளி வெந்நீர்.
ஜன்னல் திட்டில் மூடிய டப்பாவில்
எறும்பு கண்டுபிடித்துவிட்ட ஜாங்கிரி.

முதல் ஆள் அங்கமுத்து, லாரி டிரைவர்.
இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்து
அது கிளச்சுக் கால், மெதுவா, என்றார்.
நகம் கொம்பு போல் வளைந்திருந்தது.
நகவெட்டி ஒருமுறை எகிறி
சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது.
யாரோ சிரித்தார்கள்.
கழுவிக்கொண்டு வந்தேன்.

ஏற்காட்டு ரோட்டில் இருபது கொண்டை ஊசி.
நகத்துக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு ஏறினார்.
இதுலதான் ரேடியேட்டர் கொதிக்கும்.
இதுல எதிரே பஸ் வந்தா நாமதான் பின்னால போகணும்.
இதுல குரங்கு.
வலது காலுக்கு வந்தபோது
இரண்டு விரல் இல்லை. சர்க்கரை.
பதினெட்டோடு நின்றது கணக்கு.
மீதி ரெண்டு வளைவு? என்றேன்.
அதெல்லாம் வண்டி தானாவே திரும்பும்,
என்றார் கண்ணைத் திறக்காமல்.

ஏழாவது ஆளை முடிக்கையில் இருட்டிவிட்டது.
என் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

வாசலில் பதிவேடு நீட்டினார் ஜெசிந்தா.
திங்கட்கிழமைப் பக்கம் நிரம்பி வழிந்து
ஓரத்தில் நெடுக்காக ஏறியிருந்தது:
வேட்டி நாற்பது, ஜாங்கிரி இருநூறு,
லட்டு, லட்டு, போர்வை, லட்டு.
வியாழனுக்கு என் பெயர் மட்டும்.
'பொருள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அவரே வாங்கி எழுதினார்: நகம்.
'அளவு' என்ற இடத்தில் ஒரு கணம் நிமிர்ந்து
மனதுக்குள் ஏதோ கழித்து,
நூற்று முப்பத்தெட்டு.

மூணு வாரத்துல திரும்ப வளர்ந்துடும் சார்,
என்றார்,
கேட்டைச் சாத்தாமல்.